முதல் மூன்று படங்கள்

போன வாரம் ஜாஸ்மின் போன் செய்தாள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் சரக்கையும் சேதத்தையும் படம் எடுத்துக் கொடுப்பது எங்கள் ஸ்டுடியோவின் தொழில். நான் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது அதை நடத்துவது ஜாஸ்மின்.

"மாமா, புதுசா ஒரு பார்ட்டி வந்திருக்கு. ரிப்போர்ட்ல முதல் மூணு படம் எதுக்கு, மீட்டர் படத்த வச்சு நாங்க என்ன செய்ய, அத விட்டுட்டு சீக்கிரம் எடுத்துக் குடுங்கங்காங்க. நம்ம ஆபீஸ்ல புதுசா சேந்தவங்களும் அதயேதான் கேக்காங்க. நான் சொன்னா சட்டம் பேசுத மாதிரி இருக்கு. நீங்க எழுதிக் குடுங்களேன்."

எழுதுகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து காற்றுக்காக நின்றேன். அந்த மூன்று படங்களைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறது.

நான் பிறந்தது சாயர்புரம். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கல்யாண வீடுகளில் வீடியோக்காரருக்கு விளக்குப் பிடித்து, கேமரா பழகி, தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் ஸ்டுடியோவைத் தொடங்கிய லூர்து அக்கா அப்போது துறைமுகச் சாலையில் பாஸ்போர்ட் போட்டோ கடை வைத்திருந்தார். ஒருநாள் கப்பல் சரக்கின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒருவர் கடைக்கு வந்து, கப்பலில் நனைந்துபோன சர்க்கரை மூட்டைகளைப் படம் எடுக்க ஆள் வேண்டும் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அப்படித்தான் நான் முதல் தடவை கப்பலில் ஏறினேன்.

எனக்கு உயரம் என்றால் பயம். கப்பலின் ஏணி ஆடும்போது கீழே தெரியும் தண்ணீரைப் பார்த்தால் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். அதைவிடப் பயம் ஹோல்டு. ஹோல்டு என்பது கப்பலின் சரக்கு அறை. ஒரு மாதா கோயிலை உள்ளே இறக்கி வைத்துவிடலாம், அவ்வளவு ஆழம். கடைசி நாள் வரை அந்தப் பயம் என்னை விடவில்லை. வேலையை விடவும் வழியில்லை. எனக்கு வேறு எதுவும் தெரியாது.

வேலை பெருகியபோதுதான் அக்கா முறைகளை ஒவ்வொன்றாக ஏற்படுத்தினார். ஒவ்வொரு முறைக்கும் பின்னால் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு தடவை நான் எடுத்துவந்த படங்களில் எது எந்த ஹோல்டு என்று எனக்கே தெரியாமல் போய், இரண்டு கம்பெனிக்காரர்கள் கடையிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து எந்த ஹோல்டானாலும் அதன் எண் எழுதிய இரும்பு விளிம்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்றாயிற்று. பிறகு முழு அறை, பிறகு நான்கு மூலை, அதற்குப் பிறகுதான் சேதம். அதையும் அளவுகோல் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று. இன்னொரு தடவை, சரியாக வராத படம் ஒன்றைக் கேமராவிலேயே அழித்துவிட்டேன். படங்களின் வரிசை எண்ணில் ஓர் எண் இல்லாததைக் காட்டி, கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் படங்கள் எல்லாமே பொய் என்றார். அதன்பிறகு எதையும் அழிப்பதில்லை. கேட்டவருக்கு முழு வரிசையையும் கொடுப்போம், அல்லது ஒன்றும் கொடுக்கமாட்டோம். படத்தைப் பளிச்சென்று ஆக்குவதும் கிடையாது.

அக்காவின் சுபாவத்தையும் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யார் வேலை சொன்னாலும் கடைசிவரை கேட்பார். பிறகு, "நீங்க கேட்டத நான் திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க" என்று, எந்தக் கப்பல், என்ன சரக்கு, எந்த ஹோல்டு, கப்பல் தரப்பில் யார் நிற்பார் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். எதிரில் இருப்பவர் ஆமாம் என்று சொல்லும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார். அவசரக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் பாதிப் பேர் திருப்பிச் சொல்லும்போதுதான் தாங்கள் கேட்டது தப்பு என்று கண்டுபிடிப்பார்கள்.

என்னிடம் அவர் கேட்பது இரண்டுதான். "சப்பாத்து போட்டிருக்கியா?" என்பது ஒன்று; பூட்ஸைத்தான் அப்படிச் சொல்லுவார். ஹோல்டில் இறங்குமுன் ஒரு போன், ஏறியபின் ஒரு போன் என்பது இன்னொன்று. அவர் அப்பா சங்கு குளித்தவர். அப்பா தண்ணீருக்குள் போனால் படகில் தன் தாய்மாமன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அக்கா. அவர் ஒருநாளும் கப்பலில் ஏறியதில்லை. நான் ஹோல்டுக்குள் இருக்கும் நேரமெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் வேறு வேலை பார்க்கமாட்டார் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

மீட்டர் படங்கள் வந்தது ஒரு நிலக்கரிக் கப்பலுக்குப் பிறகு. ஹோல்டுக்குள் இறங்க டெக்கிலிருந்து அடிவரை ஒரு படிவழி உண்டு. நான்கு பக்கமும் இரும்பால் அடைத்த, ஓர் ஆள் நுழையும் கூண்டு. டிரங்க் என்போம். அதில் பாதி இறங்கியபோது என் முழங்கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆனது. வலி இல்லை, மூச்சுத் திணறல்கூட இல்லை. உட்கார்ந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது, அவ்வளவுதான். மேலே நின்ற ஒருவர் ஏதோ கேட்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல இரண்டு படி ஏறினேன். அந்த இரண்டு படியில்தான் பிழைத்தேன்.

கடைக்கு வந்து சொன்னதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வயதான ஒரு சர்வேயரைப் பிடித்து விசாரித்தார். நிலக்கரி, மரத்தடி, சில தானியங்கள், எல்லாமே அடைத்த இடத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும் என்றார் அவர். ஹோல்டின் மூடி திறந்திருந்தாலும் டிரங்குக்குள் இருக்கும் காற்று அப்படியே செத்துக் கிடக்குமாம். மேலே மூக்கை நீட்டினால் நன்றாக இருக்கும்; கீழே ஒன்றும் இருக்காது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது.

அன்றிலிருந்து வேலை ஒப்புக்கொள்ளும்போதே அக்கா சொல்லிவிடுவார். கப்பல் அதிகாரி மீட்டரின் குழாயை டிரங்குக்குள் விட்டு, மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் காற்றை அளக்க வேண்டும். மூன்று அளவையும் நாங்கள் படம் எடுப்போம். அவைதான் முதல் மூன்று படங்கள். அவை இல்லாமல் நாலாவது படம் கிடையாது.

இனி சுடலைமணி அண்ணாச்சி.

ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து ஆற்றங்கரைக் கிராமத்துக்காரர். கப்பலில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் போர்மேன். அந்தக் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர், ஆகவே வாரத்தில் பாதிநாள் அவரைப் பார்ப்பேன். என் பயம் அவருக்குத் தெரியும். ஏணியில் எனக்கு முன்னால் ஏறி, "என் சட்டையப் பாத்துக்கிட்டே வா, தண்ணியப் பாக்காத" என்பார். கேலி செய்வார், ஆனால் யார் முன்னாலும் செய்யமாட்டார்.

அன்று வந்திருந்தது மரத்தடிக் கப்பல். மூன்றாவது ஹோல்டில் தடியைத் தூக்கும்போது இடித்து டிரங்கின் அடிப்பகுதி நசுங்கிவிட்டது என்று கப்பல்காரர்கள் புகார் சொன்னார்கள். நசுங்கல் பழசு, துருப்பிடித்தது என்பது கம்பெனியின் வாதம். அதைப் படம் எடுக்கத்தான் என்னை அழைத்தார்கள். டிரங்கின் அடிக்கு இறங்கினால்தான் அது தெரியும். கப்பல் அன்று சாயங்காலம் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள்.

டிரங்கின் மூடியைத் திறந்ததும் பச்சை மரமும் ஊறிய பட்டையும் கலந்த வாடை வந்தது. நல்ல வாடைதான். கப்பலின் சீஃப் ஆபீசர் பிலிப்பைன்ஸ்காரர், நிதானமான மனிதர். மீட்டரை வாயிலில் பிடித்தார். எண் சரியாக இருந்தது. எடுத்தேன். குழாயை உள்ளே விட்டார். நடுவில் கொஞ்சம் இறங்கிக் காட்டியது. எடுத்தேன். அடிக்குக் குழாய் எட்டவில்லை. ஸ்டோரில் நீளக் குழாய் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனியின் மேனேஜர் பிரபாகர் கீழே கரையிலிருந்து போன் செய்துகொண்டே இருந்தார். அண்ணாச்சி போனை எடுத்து, "இந்தா ஆச்சு சார், இந்தா ஆச்சு சார்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கேமராப் பட்டையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, ஏன் இப்படி வெளிறிப்போய் நிக்க? மீட்டர்தான் சரின்னுட்டுல்லா."

"அடி இன்னும் பாக்கல அண்ணாச்சி. குழாய் வரட்டும்."

"குழாய் வாரதுக்குள்ள நான் போயி பாத்துட்டு வாரேன். எங்கன நசுங்கியிருக்கு, எங்கன கால வைக்கணும்னு சொல்லுதேன். பொறவு நீ பயமில்லாம இறங்கலாம்."

"வேண்டாம் அண்ணாச்சி. அக்கா முறை ஒண்ணு இருக்கு."

"அது உங்களுக்குடே. நான் எத்தன கப்பல்ல இறங்கியிருக்கேன்!"

சிரித்துக்கொண்டே டார்ச்சைப் பொருத்திப் படியில் கால் வைத்தார். அவர் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டார், வலிக்காமல்.

வாயிலில் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். டார்ச் வெளிச்சம் படிப்படியாகக் கீழே போனது. பூட்ஸ் இரும்பில் படும் சத்தம் கேட்டது. ஒரு வளைவு திரும்பினார். இன்னொரு வளைவு. பிறகு சத்தம் நின்றது. வெளிச்சம் மட்டும் பக்கத்துச் சுவரில் விழுந்து அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி!"

வெளிச்சம் அசையவில்லை. அவர் நின்று எதையாவது பார்க்கிறார் என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். நின்று பார்க்கிறவன் கையில் டார்ச் கொஞ்சமாவது ஆடும். இது தரையில் கிடக்கும் வெளிச்சம்.

மறுபடி கத்தினேன். என் குரல் அந்தக் கூண்டுக்குள் போய் அடித்துவிட்டு எனக்கே திரும்பி வந்தது. ஒரு கால் தானாகப் படியில் இறங்கிவிட்டது. எப்படி என்று தெரியாது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் காலரைப் பிடித்து இழுத்து டெக்கில் போட்டது. நீளக் குழாயோடு வந்த சீஃப் ஆபீசர். அவர் என் மார்பில் முழங்காலை வைத்து அழுத்தியபடி வாக்கிடாக்கியில் ஏதேதோ கத்தினார். அபாயமணி அடித்தது. மூச்சுக் கருவி மாட்டிய இரண்டு பேரைத் தயார் செய்தார்கள். அதற்குள் அவர் குழாயை அடிவரை இறக்கினார். மீட்டர் அலறத் தொடங்கியது. கூரிய, விடாத அலறல். எண்ணைப் பார்த்தேன். ஆறு. வெளியில் நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்தொன்று.

"போட்டோ!" என்றார் சீஃப் ஆபீசர்.

நான் எடுத்தேன். என் நண்பர் கீழே கிடக்கும்போது அந்த மீட்டரைப் படம் எடுத்தேன். படம் கொஞ்சம் கலங்கலாக விழுந்தது, ஆனால் எண்ணைப் படிக்கலாம்.

அவரைக் கயிற்றில் கட்டி மேலே கொண்டுவந்தபோது முகத்தில் காயம் இல்லை. உதடு மட்டும் நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள்.

மூன்றாம் நாள் பிரபாகர் கடைக்கு வந்தார். நல்ல சட்டை, மெதுவான பேச்சு. போர்மேன் குடித்துவிட்டு வேலைக்கு வந்து, படியில் தவறி விழுந்துவிட்டார் என்று கம்பெனியில் பேச்சு கிளம்பியிருந்தது எங்களுக்குத் தெரியும். அது உண்மையென்று நிலைத்துவிட்டால் அண்ணாச்சியின் குடும்பத்துக்கு நஷ்டஈடும் கிடையாது, அவர் பெயரும் நாறிப்போகும். நான் அவரோடு காலையிலிருந்து நின்றவன். அவர் குடித்திருக்கவில்லை.

"முதல் படம் ஒண்ணு எடுத்திருக்கீங்கள்ல தங்கராஜ், மீட்டர் சரியாக் காட்டுதது. அது போதும் எங்களுக்கு. மத்தது எதுவும் இருக்க வேண்டாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மேஜைமேல் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திவைத்திருந்தார். பிரபாகர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க துறைமுகப் பாஸ் புதுப்பிக்க வருதுல்லா? ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும். மக எந்தக் காலேஜ்ல படிக்கா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்த நிமிஷம் பதில் சொல்ல விட்டிருந்தால் மற்ற படங்களை அழித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பதிலை என்னிடம் யாரும் விடவில்லை. அக்கா பேசினார்.

"நீங்க கேட்டத நான் திருப்பிச் சொல்லுதேன் சார், சரியான்னு பாருங்க."

பிரபாகர் தலையாட்டினார், வழக்கம்தானே என்று.

"ஒரு மனுசன் செத்த இடத்துல, மேல மட்டும் காத்து நல்லா இருந்த படம் வேணும். அவரு செத்துக் கிடந்த அடியில எடுத்த படத்த நாங்க அழிக்கணும். சரியா?"

அக்கா காத்திருந்தார், எல்லா வாடிக்கையாளருக்கும் காத்திருப்பதுபோல். ஆமாம் என்று சொல்லப் பிரபாகரால் முடியவில்லை. கடைசியில், "நான் அப்படிச் சொல்லல" என்றார்.

"அப்போ வழக்கம்போல முழுசா அனுப்பிருதேன் சார்."

அவர் போன பிறகு அக்கா கைகளைப் பிரித்தார். தண்ணீர் டம்ளரை எடுக்க முடியாமல் என்னைப் பார்த்து, "புடி" என்றார். நான் பிடித்துக் குடிக்கவைத்தேன்.

அதன்பிறகு, அண்ணாச்சியின் சாவை விசாரித்த அதிகாரி எங்களை அழைக்கும்வரை நான் வாழ்ந்தது வாழ்க்கையில்லை. மகளைக் கயத்தாறிலுள்ள என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். பின்னால் பைக் சத்தம் கேட்டால் ஓரமாக நின்றுவிடுவேன். பாஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் நாளைக்கு வா, நாளைக்கு வா என்றார்கள். அது யாரோ சொல்லித்தானா, வழக்கமான தாமதமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. பயப்படுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வழக்கமாக வேலை கொடுத்த சில கம்பெனிகள் போனை எடுக்கவில்லை. அக்கா கடையைத் திறந்து பழையபடி பாஸ்போர்ட் போட்டோ எடுத்தார்.

சீஃப் ஆபீசர் தன் வாக்குமூலத்தில் படம் எடுப்பவர் அங்கே இருந்தார் என்று சொல்லியிருந்தார். அதிகாரி எழுத்தில் கேட்டார். கம்பெனிக்கு அனுப்பிய அதே வரிசையை, ஓர் எண் குறையாமல் கொடுத்தோம். மேலே நல்ல காற்று, நடுவில் குறைந்த காற்று, அடியில் கலங்கலாக ஆறு என்ற எண். அதிகாரி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அண்ணாச்சி காற்றில்லாத இடத்தில் மயங்கி இறந்தார் என்றே கடைசியில் பதிவானது. குடிப்பேச்சு அதோடு போயிற்று. அவர் முறையை மீறி இறங்கினார் என்பதும் அதில் இருந்தது. அதையும் நாங்கள் மறைக்கவில்லை. மறைக்க முடியாதபடிதான் அக்கா இந்த வரிசையை வைத்திருந்தார்.

அந்தக் கம்பெனி எங்களிடம் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் மெல்ல வந்தார்கள். பாஸும் வந்தது. மறுபடி ஹோல்டுகளில் இறங்கினேன், ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான். ஜாஸ்மினின் புது வாடிக்கையாளருக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்தப் படங்கள் அவருக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். இறங்குகிறவனுக்குத் தேவை. அவனால் திரும்பி வர முடியாமல் போனால், அவன் வீட்டுக்குத் தேவை.

அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

விசாரணை முடிந்த பிறகு அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் அண்ணியை மைனி என்போம்; நான் அவரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஊரிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை. என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீ ஏன் இறங்கவில்லை என்றுதான் கேட்பார். மாதக்கணக்காக நான் எனக்குள் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதற்கு என் மனைவி தினமும் கோபித்துக்கொள்வாள்.

அவர் கேட்டது வேறு.

"தம்பி, அவிய உள்ள கெடந்து கூப்பிட்டாவளா? உங்க பேரையோ, எம்பேரையோ, யாரையாவது?"

"இல்ல மைனி. ஒரு சத்தமும் இல்ல."

"உண்மையச் சொல்லுங்க. எனக்காவச் சொல்லாதீங்க."

"உண்மைதான். நான் மேல வாசல்லதான் இருந்தேன். ஒரு தடவ நிலக்கரிக் கப்பல்ல எனக்கே அப்படி ஆச்சு. வலியே இல்ல மைனி. உக்காந்தா நல்லாருக்கும்னு தோணும். அவ்வளவுதான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெனமும் கனவுல கூப்பிடுதாவ. யாருமே போவ மாட்டேங்காவ. அதான் கேட்டேன்" என்றார்.

என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொடாமல், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே மைனி கேட்டார்.

"நீங்க பின்னால போயிருந்தா?"

"ரெண்டு பேரும் அங்கனயே கெடந்திருப்போம்."

அவர் என் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எனக்கு இவர்மேல கோவம் இல்லம்மா," என்றார் அவளிடம். "நீயும் கோவப்படாத. இறங்காம நின்னதுக்காவ இவரு தெனமும் செத்துக்கிட்டு இருக்காரு, பாத்தாலே தெரியுது. சாப்பாடு போடு."

பிறகு காப்பியை எடுத்து, ஆறிப்போயிருந்ததைப் பொருட்படுத்தாமல், முழுவதும் குடித்தார்.